உடைசல் பை

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு
வேலை முடிந்து வெளியேறும் வாசலில்
உடைசல் பை விற்பார்கள்.
காதறுந்த பன்றிகள், மூக்கில்லாத முயல்கள்,
கொக்கோப் பொடியில் உருளும்போது வெடித்த
குட்டிக் குட்டி உருளைக்கிழங்குகள்.
எல்லாம் மார்சிபான்.
கிலோ இரண்டு யூரோ.

லூபெக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை
மேற்பார்வையாளர் சொன்னார்:
தின்னலாம், எவ்வளவும் தின்னலாம்.
மூன்றாம் நாள் வெறுத்துவிடும் என்பது
அவர்கள் கணக்கு.
எல்லோருக்கும் வெறுத்தது.
ஹலீனாவுக்கு வாதுமை மணந்தாலே இப்போது தலையிடி.
எனக்கோ
பதினேழு வருஷமாக
அந்த மூன்றாம் நாள் விடியவில்லை.

டொக்டர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
எட்டுப் புள்ளி நாலு.
நான் ஒளித்துத் தின்ற மூன்று மாதத்தையும்
இரத்தம் ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தது.
"சீனி வருத்தம்" என்றார் இவர், காருக்குள்.
நோய்க்கும் துக்கத்துக்கும்
ஒரே சொல்லை வைத்தவர்கள்
யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி
இரண்டானது. இரண்டு, ஒன்றரை.
அந்த அரைக் கரண்டியை நீங்கள் பார்க்க வேண்டும்.
விளிம்பு தாண்டி ஒரு குன்று.
அரைதான் என்று சத்தியம் பண்ணுவேன்.
இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து
இருமுவார்.

ஒன்பதாம் நாள்
ஒரு காரணமுமில்லாமல்
மீசைக்கார பஸ் சாரதியோடு சண்டை.
பன்னிரண்டாம் நாள், சாமம் இரண்டு மணி,
குசினியில் வெளிச்சம் போடாமல்
பேரீச்சம்பழப் பெட்டியைத் துழாவி
கொட்டையைக் கடித்ததில் பல்லில் ஒரு துண்டு போனது.
பழம்தானே, சீனியில்லையே என்று
இருட்டுக்கு விளக்கம் சொன்னேன்.

தடைக் காலத்தில்
சீனி வந்து சேராத வருஷங்களில்
வெறுந்தேத்தண்ணி குடித்தவள்தானே நான்.
அப்போது கை நடுங்கவில்லை.
அதை என் மனவுறுதி என்று
இவ்வளவு நாளும் பெருமையாய்க் காவிக்கொண்டு திரிந்தேன்.
இல்லை என்பதால் குடித்தேன், அவ்வளவுதான்.
கடை பூட்டியிருந்தால்
ஊரில் கள்ளனே இல்லை.
வேண்டாம் என்பது வேறு வேலை.
அதைப் பழக எனக்கு
ஒரு தொழிற்சாலை நிறைய
இருக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர். நத்தார் அவசரம்.
நிமிஷத்துக்கு நாற்பது பன்றி நகர்ந்து வரும்.
கைக்குக் கையுறை, தலைக்கு வலை, வாய்க்குக் கவசம்.
மணம் மட்டும்
அடையாள அட்டை காட்டாமல் உள்ளே வரும்.

இருபத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை.
ஹலீனா வழக்கம்போல்
எனக்கும் சேர்த்து வாங்கி நீட்டினாள்.
வேண்டாம் என்று சொல்ல
என்னுடைய ஜெர்மன் தாராளமாகப் போதும்.
ஒற்றைச் சொல். இரண்டு வயதுப் பிள்ளையும் சொல்லும்.
"பேந்து பார்ப்பம்" என்றது வாய், தமிழில்.
கை வாங்கிக்கொண்டது.

ட்ராவ ஆற்றுப் பாலத்தில் மழை.
பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்.
பைக்குள் ஒரு பன்றி
கண்ணாடித் தாளில் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தது.
அதன் அறுந்த காதை எடுத்தேன்.
காது மட்டும்.
விழுங்காமல் நாக்கில் வைத்தேன்.
பதினேழு வருஷம் பொதி செய்ததில்
இப்படி ஒரு கசப்பு
அடியில் கிடப்பது எனக்குத் தெரியாது.
தித்திப்பு திகட்டியது என்று எழுதினால்
அழகாக இருக்கும்.
திகட்டவில்லை.
நல்லாய்த்தான் இருந்தது.

பஸ் வந்தது. மீசை.
அன்றைய சண்டைக்கு மன்னிப்பாக
முழுப் பையையும் நீட்டினேன்.
பார்த்தார். பெருமூச்சு விட்டார்.
"எனக்கும் சுக்கர்" என்றார்.
இவர்கள் மொழியிலும் நோய்க்குச் சீனி என்றுதான் பெயர்.
வருத்தத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

காசுத் தட்டுக்கு மேலே பை.
ஏழு தரிப்பிடம்.
சிவப்பு விளக்குகளில்
இரண்டு பேரும் மிகக் கவனமாய்
வீதியைப் பார்த்தோம்.

நான் இறங்கப் போனேன்.
"இதை இங்கே விட்டுவிட்டுப் போகாதே" என்றார்,
கெஞ்சுகிற குரலில்.

திறந்த கதவால்
மழை உள்ளே அடிக்க அடிக்க
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றோம்,
பையைப் பார்த்துக்கொண்டு.