ஏழரை

ஆறு-பதினாறைக் கழற்றி
ஏழரை-பதினாறை மாட்டினார் நிஸ்தார் நானா,
மஸ்கெலியா கராஜில், மழை விடாத ஒரு புதன்கிழமை.
"ஏழரையைக் காசு கொடுத்து வாங்கி வந்த
ஒரே ஆள் நீதான்" என்றாள் தவமலர்.

லேண்ட்ரோவர் இப்போது
தேயிலை நிரைக்கு மேலாக எட்டிப் பார்க்கிறது.
மேற்கணக்கு ரோட்டில் தினமும் வயிற்றில் இடித்த கல்
சும்மா கிடந்தது.
அதற்கு ஒரு ஹாரன் அடித்தேன்.

ஆனால் இடப்பக்கம் முழுதாய் ஒடித்தால்
டயர் மட்கார்டைக் கடிக்கிறது.
கோயில் முடக்கில்
ஒரு தரம் பின்வாங்கித்தான் திரும்ப வேண்டும்:
பின்னால் பள்ளம், முன்னால் மாரியம்மன்.
முதல் கியர் யோசித்து யோசித்து இழுக்கிறது.
பானட்டில் படுத்திருக்கும் ஸ்பேர் வீல்
பாதி ரோட்டை விழுங்கிவிட்டது.

மீட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
பழைய சில்லு என்றே நினைத்து எண்ணுகிறது.
லயத்திலிருந்து ஆஸ்பத்திரி
பதினொரு மைல்;
இப்போது பத்துக்கும் கொஞ்சம் குறைவு.

நேற்று இரவு பின்சீட்டில் ரஞ்சிதம்.
முடக்கில் பின்வாங்கியபோது
அம்மனையும் என்னையும் சேர்த்தே திட்டினாள்.
"இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?"
மீட்டரைப் பார்த்துச் சொன்னேன்.
குறைத்தது நானில்லை.

விடியற்காலையில் பெண்பிள்ளை.
"ஆறு ராத்தலாம், ஏழரை இல்லை"
என்றேன் தவமலரிடம்.
அவள் சிரிக்கவில்லை.
மட்கார்டை வெட்ட
நானா எவ்வளவு கேட்கிறார் என்றாள்.