உதடு மூடி முடியும் சொல்

வந்த மறுநாள் கட்டிலைக் காட்டி
திருமதி யுங் சொன்னார்: ஜப்.
போர்வையை மடித்தேன், தலையணையைத் தட்டி வைத்தேன்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்:
ஜப் என்றால் ஒழுங்குபடுத்து.

உதட்டை மூடித் திறக்காமல் நிற்பது
ஜாவாக்காரிக்குச் சிரமமில்லை.
எங்கள் ஊரில் கூரை என்ற சொல்லே அப்படித்தான் முடியும்.
குரலின் உயரம்தான் காலை வாரியது.
ஒருமுறை கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் நீட்டிவிட்டேன்.
"அது மாட்டுக்குடல் கடைப் பலகையில் இருக்கிற சொல், வார்சித்தி!"
எட்டு வயது ஹோ-யின்
சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள்.

பிறகு லிஃப்டில் இருபது டாலர் கிடந்தது.
ஏழாம் மாடிக்காரர் குனிந்து எடுத்து
ஜப்-டோ என்றார், பல்லெல்லாம் தெரிய.
பணத்தை எதற்கு ஒழுங்குபடுத்த வேண்டும்?
ஞாயிற்றுக்கிழமை பூங்காவில்
அட்டைப்பெட்டி விரிப்பில் சப்பணமிட்டுக் கேட்டேன்.
இங்கே பதினோரு வருஷம் ஓட்டிய சுலாஸ்த்ரி
வேர்க்கடலை உரித்தபடி சொன்னாள்:
கீழே கிடப்பதை எடுத்தாலும் அதுதான்.
நோட்டில் இன்னொரு வரி.

அந்த நோட்டை எனக்கு விற்றவர் லோ.
தோ குவா வானில், எங்கள் கட்டடத்துக்கு எதிரே
எழுதுபொருள் கடை.
ஒருநாள் கல்லாவில் கைவைத்தபடி
ஜப்-லப் என்றார், மாதக் கடைசியில்.
முன்பாதி எனக்குத் தெரிந்த சொல்லாயிற்றே.
"ரொம்ப நல்லது" என்றேன் கான்டனீஸிலேயே,
"இங்கே தூசி அதிகம்."

அவர் என்னைப் பார்த்தார்.
அலமாரியைப் பார்த்தார்.
"ஆமாம், தூசிதான்" என்றார்.
பென்சிலுக்குக் காசு வாங்கவில்லை.

இழுத்து மூடிய ஷட்டரில் ஒட்டியிருந்த தாளை
ஹோ-யின் வாசித்துச் சொன்ன அன்று
மீன் பையோடு நடைபாதையிலேயே நின்றுவிட்டேன்.
பையிலிருந்து செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.
போய் மாற்றிச் சொல்லலாம் என்றால்
உள்ளே ஆள் இல்லை.
நோட்டில் அந்த வரியை மட்டும்
இன்னும் நான் எழுதவில்லை.

இப்போது யுங் குடும்பம் மான்செஸ்டர் போகிறது.
என் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு சரி.
அவர்கள் பெட்டிகள் ஒன்பது,
கூடத்தில் சுவரோரம், நாடா ஒட்டி.
என்னுடையது ஒன்று.
அதன் முன்னால் குந்தியிருந்தபோது
சமையலறையிலிருந்து குரல் வந்தது,
"என்ன செய்கிறாய்?"

ஜப், என்றேன்.
உயரமாக, குட்டையாக, உதடு மூடி.

யாரும் சிரிக்கவில்லை.
யாரும் திருத்தவில்லை.
யாருடைய பெட்டி என்றும் கேட்கவில்லை.
குழாயில் தண்ணீர்
ஓடிக்கொண்டே இருந்தது.