கேட் சாத்தியிருந்த நேரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தினால்
இருபது நிமிடம் உத்தரவாதம்.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
என் ஆட்டோவுக்குள் ஏழு பிள்ளைகள்,
ஏழு தண்ணீர் பாட்டில்,
இன்றைக்குக் கூடுதலாக ஒரு கேள்வி:
"அக்கா, கருந்துளைன்னா என்னா?"

கேட்டவன் மாறன். எல்கேஜி.
எல்லாத்தையும் முழுங்குமென்று டிவியில் சொன்னார்களாம்.
பென்சில் டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

எனக்குத் தெரிந்த துளைகள்
மன்னார்குடி வரைக்கும் ரோட்டில் கிடக்கின்றன.
ஒவ்வொன்றுக்கும் பிரேக் எங்கே போடணும் தெரியும்.
இது வேறு.

"அது துளையே இல்ல" என்றாள் நஸ்ரின்,
மூன்றாம் வகுப்பு, ஓர சீட்டுக்கு உரிமைக்காரி.
"ரொம்பப் பெரிய நட்சத்திரம். எரிஞ்சு எரிஞ்சு தீந்துபோச்சு.
தாங்கிப் பிடிக்க உள்ள ஒண்ணும் இல்ல.
ஐப்பசி மழையில எங்க கொல்லைச் சுவரு
தன்மேலயே தான் உக்காந்துச்சே, அந்த மாதிரி."
"சுவரு கருப்பாச்சா?"
"சேறாச்சு."
மாறனுக்குப் போதவில்லை.

"பக்கத்துல போனா நேரம் மெதுவாயிடும்."
இது ஜெரோம்.
எல்லோரும் கேட்டைப் பார்த்தோம்.
அது மட்டும் உடனே புரிந்துவிட்டது.

கேட் திறந்தது. எப்படியும் லேட்.
வெண்ணாற்று மதகில் நிறுத்தினேன்.
நேற்று ராத்திரிதான் தண்ணீர் வந்திருந்தது,
சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு.
மாறனின் இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் ஆறு நகர்வதே தெரியவில்லை.
பலகையை நெருங்க நெருங்க ஓட்டம் பிடிக்கிறது.
கடைசியில் ஒரு சுழி, கரகரவென்று.

வாயே திறக்காத குழலி கையை நீட்டினாள்.
"அங்க இருக்குற மீனு திரும்பிடும்.
இங்க வந்த மீனு எவ்ளோ நீந்துனாலும்
தண்ணி அதவிட வேகம்.
வெளிச்சம்தான் மீனு.
அதைவிட வேகமா நீந்துற மீனே கெடையாது.
அதாலயே திரும்ப முடியாத எடம்."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது.
காட்டிக்கொள்ளவில்லை.

மாறன் டப்பாவைத் திறந்தான்.
இருப்பதிலேயே குட்டையான பென்சிலைத் தேடி எடுத்து
சுழியில் போட்டான்.
மூன்று சுற்று. காணோம்.
பாலத்தின் மறுபக்கம் ஓடினோம்.
நுரை, நுரை, பிறகு
மஞ்சள் பென்சில் மிதந்து போனது, கொரடாச்சேரி பக்கமாக.

"அப்ப இது கருந்துளை இல்ல."
"இல்ல."
"நெசமானதுல போட்டா?"
"வராது."
"அது இங்க வருமா?"
"ரொம்ப தூரம்டா" என்றான் ஜெரோம்.
"சூரியனை எடுத்துட்டு அதே எடையில ஒண்ண வச்சாக்கூட
பூமி அதுபாட்டுக்குச் சுத்தும். முழுங்காது.
ஆனா இருட்டு. நெல்லு வெளயாது."
"பள்ளிக்கூடம் உண்டா?"
அது யாருக்கும் தெரியவில்லை.

கிளம்பினோம்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
உச்சந்தலைச் சுழியை உள்ளங்கையால்
அழுத்தி மூடிக்கொண்டு வருகிறான் மாறன்.
இன்னொரு கையில் மிச்சமிருக்கும் இரண்டு பென்சில்.

கையை எடுடா என்று சொல்லியிருக்கலாம்.
அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.