குடி வேறு, முறை சரி

பிறந்தபோது அவள் மினுங்கினாள்,
லாமினேட் பண்ணிய அடையாள அட்டை மாதிரி.
இமைகள் வெளிப்புறம் புரண்டு சிவந்திருக்க,
வாய் ஒரு ‘ஓ’வில் இழுபட்டு நிற்க,
சிஸ்டர் லொறேற்றா என் கையைத் தட்டிவிட்டா:
“தொடாத கா. ஒட்டுது, கிழியும்.”

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, குறைமாதப் பிள்ளைகளின் அறை.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதன் எண்பது வீதம்.
வெளியே கச்சான் காற்று வாவியைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவள்,
களுவாஞ்சிகுடியில், பன்னிரண்டு வருஷம்.
தோலை அரைப் பாடவேளையில் முடித்துவிடுவேன்;
சோதனைக்கு அவ்வளவாய் வராது.
இப்போது டொக்டர் சுஹைரா
மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எனக்குக் கீறிக் காட்டுகிறா.

அடியிலிருந்து ஒரு கலம் மேலே ஏறுகிறது.
ஏற ஏறக் கல்சியம் கூடுகிறது.
அதுவரை உறங்கிக் கிடந்த நொதியம்
கல்சியம் பட்டதும் எழும்புகிறது.
ஒரு புரதத்தின் குளூட்டமினைப் பிடித்து
இன்னொன்றின் லைசினோடு சேர்த்து இறுக்குகிறது.
துளி அமோனியா கழன்று போகிறது. அவ்வளவுதான் சத்தம்.
அந்த முடிச்சைத் திரும்ப அவிழ்க்க உடம்பால் ஏலாது.
சுவர் முடியவும் கலம் சாகவும் சரி.
செத்த பிறகுதான் அதற்கு வேலை:
வெயில் வெளியே, தண்ணீர் உள்ளே.

மகளிடம் புரதம் இருக்கிறது, கல்சியம் இருக்கிறது.
முடிச்சுப் போடும் அது மட்டும் இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?”

பேனையை மூடாமல் கேட்டா.
சொந்தம்தான்.
வினோதரூபன் என் மாமன் மகன்.
குடி பார்த்தார்கள். குடி வேறு, முறை சரி.
வயல் துண்டாகாது, சொந்தம் விட்டுப்போகாது என்று
இறுக்கிப் போட்ட முடிச்சு.
அவரிடம் ஒரு பிழையான பிரதி, என்னிடம் ஒன்று.
எங்களுக்குப் பாதி நொதியமே போதுமாம்;
இத்தனை வருஷம் வெயிலில் திரிந்தும் தெரியவில்லை.
அவளுக்கு இரண்டு பிழையும் கிடைத்தது.
நாலில் ஒன்று.
எத்தனை தரம் கரும்பலகையில்
அந்தப் பெட்டியைக் கீறியிருக்கிறேன்.
நாலாவது கட்டத்துக்கு எப்போதும் சிவப்புச் சோக்.

பதினேழாம் நாள் சவ்வு கிளம்பியது,
மழையில் நனைந்த சுவரொட்டியின் மூலை போல.
கீழே செதில் செதிலாய்க் கோடுகள்.
மாமி “மீன்…” என்று தொடங்கி மீதியை விழுங்கினா.
முப்பத்தோராம் நாள் அரைஞாண் கட்டக் கறுப்பு நூலோடு வந்தா.
ஒன்றும் கட்டவேண்டாம், உராயும் என்றார்கள்.
நூலை விரலில் சுற்றிச் சுற்றி
கைப்பைக்குள் வைத்துக்கொண்டா.

இப்போது வீட்டில்.
ஜன்னலுக்கு ஈரச் சாரம் தொங்குகிறது.
நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாஸ்லீன்.
இரவு பத்து மணி அவருடைய முறை,
இரண்டு மணி என் முறை.
கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம், உள்ளங்கால்.
ஒவ்வொரு தடவலிலும் என் விரலிலிருந்து
நன்றாய் முடிச்சிட்ட, செத்த கலங்கள் சில
பசையில் உதிர்ந்து அவளிடம் தங்கும்.
ஒரு பிரயோசனமும் இல்லை, தெரியும்.
துடைப்பதில்லை.