கோட்டுக்குக் கீழே

வாலாஜா பாலாற்று மணலில்
எட்டு அணி, ஆளுக்கு ஏழு ஆட்டம்,
டென்னிஸ் பந்து, பத்து ஓவர்.
ஸ்கோர் எழுதுவது நான்.
வார நாளில் ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
டைம் ஆபீஸ்.
கட்டம் போட்ட தாள் கைக்குப் பழகியது.

ஐந்தாம் ஞாயிறு வரை மணல்.
ஆறாம் ஞாயிறு ஆறு.

ஆந்திரத்தில் மழையாம், பொன்னையில் திறந்தார்களாம்.
நட்டுவைத்த ஸ்டம்பைத் தேடி வந்ததுபோல் வந்தது.
ஊரே பாலத்தில் நின்று கும்பிட்டது.
மஞ்சளும் பூவும் விழுந்தன
பிட்ச் இருந்த இடத்தின் மேல்.
திருவலம் பவுலர் குணாளன் மட்டும்
கைப்பிடிச் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி.

அம்மூர் ஏழும் ஆடி, ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி.
திருவலம் ஐந்து ஆடி, நான்கு வெற்றி, ஒரு தோல்வி.
ஆற்றோடு போன இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி.
பத்துக்குப் பத்து.

நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தோம். பதின்மூன்று விதி.
முள்வேலிக்குள் போன பந்துக்கு உண்டு,
குடித்துவிட்டு வருகிறவருக்கு உண்டு.
சமன் என்ற சொல் இல்லை.

பேஸ்பால் கையுறைக்குத் தோல் பார்க்க
ஒனோதேரா வந்திருந்த வாரம் அது.
ஊசிமுனை ஓட்டையை விரலால் கண்டுபிடிக்கிறவர்.
சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், உங்கள் ஊரில் எப்படி?
செலானின் பின்பக்கம் ஒரு கோடு கிழித்தார்.
பன்னிரண்டு இன்னிங்ஸ் பார்ப்பார்களாம்.
அதற்கும் தீரவில்லை என்றால் சமன்,
எல்லோரும் ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான்.
கோட்டுக்கு மேலே வெற்றி.
கீழே வெற்றியும் தோல்வியும் கூட்டி.
சமன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.
எழுபது ஜெயித்தவன்
அறுபது ஜெயித்தவனுக்குப் பின்னால் நிற்கலாம் என்று
போட்டே காட்டினார்.
நியாயமா என்றேன்.
கொஞ்ச நேரம் தயிர்சாதத்தைப் பார்த்தார்.
"மார்ச்சிலேயே சொல்லிவிடுகிறோம்."

அன்றிரவு இரண்டு தாளில் போட்டேன்.
அவர் கோட்டில் ஐந்தில் நான்கு, திருவலம்.
அதிக வெற்றி என்றால் அம்மூர்.
பார்க்கப் பார்க்க
வேறொரு தாள் அடியிலிருந்து எழுந்து வந்தது.

போன வருடம்
மாசு வாரியம் பூட்டுப் போட்ட பதினோரு நாள்.
போனஸுக்கு வருகை சதவீதம் எடுத்தபோது
அந்தப் பதினொன்றும் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும் என்றார்கள்.
மேலே எதுவும் சொல்லவில்லை.
எழுதியது இந்தப் பேனாதான்.
சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்கள்
ஏழு பேர் எண்பதைத் தொடவில்லை.
பூட்டியது அவர்கள் இல்லை.
ஆற்றைத் திறந்ததும் குணாளன் இல்லை.

மளிகைக் கடை மாடியில் கமிட்டி.
இரண்டு தாளையும் நீட்டினேன், அதுதான் என் தப்பு.
கோப்பை வாங்கித் தந்த கான்ட்ராக்டர்
கணக்கைப் பார்க்கவில்லை.
அடியில் எழுதியிருந்த ஊரைப் பார்த்தார், அதிலும் இதிலும்.
பிறகு விதியைச் சொன்னார்:
"அதிக வெற்றி. அதுதானேப்பா உலக வழக்கம்?"
உலகத்திலிருந்து ஒருவர் அப்போது
ராணிப்பேட்டையில்
தோலில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

குணாளன் சண்டைக்கு வரவில்லை.
"எப்படி வேணா போட்டிருக்கலாம்ணே.
போடறதுக்கு முன்னாடி
ஊர் பேர மறைச்சிருக்கலாம்."

கம்பெனி விதிகளில் ஒரு வரி சேர்க்க
எனக்கு அதிகாரம் இல்லை.
மணலில் உண்டு.
அடுத்த நோட்டீஸுக்கு, அணிகள் பணம் கட்டும் முன்பே,
பதினான்காவதாக எழுதிக் கொடுத்தேன்:
ஆறு வந்து நின்ற ஆட்டம்
கணக்கில் எங்கும் சேராது.

ப்ரூஃபில் அந்த வரியை அடிக்கோடிட்டு
அச்சகத்துக்காரர் போன் செய்தார்,
"எந்த ஆறு சார்?"