பூண்டு சேராத காயம்

எட்டாம் மாசமே இடித்து வைத்துவிட்டாள் நாத்தனார் துளசிமணி.
சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஒரு பிடி ஓமம்.
கருப்பட்டிப் பாகில் கிளறுவதுதான் பாக்கி.
பிஸ்கட் டப்பாவில் போட்டு
மூடிமேல் சீட்டு ஒட்டி எழுதியும் வைத்தாள்:
காயம்.
மருந்தின் பேரைத்தான் எழுதினாள்.

சத்தி ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில்
ஒன்றே முக்கால் கிலோ என்று இருந்தது.
பெண் என்றும் இருந்தது.
மற்றதை டாக்டர் வாயால் சொன்னார்.

மூன்றாம் நாள் பால் வந்தது.
அதற்கு யாரும் சேதி சொல்லவில்லை போல.
ஜாக்கெட் நனைந்து, பாய் நனைந்து,
இரண்டு பக்கமும் கல்லாகக் கட்டி,
அடுத்த வீட்டில் பூனை கத்தினாலும்
இந்தா என்று இறங்கியது.

நர்சம்மா முட்டைக்கோஸ் இலை சொன்னார்.
சந்தைக்கு நாலு நாள் இருந்தது.
'மல்லிகையை வெச்சு இறுக்கிக் கட்டோணும்' என்றாள்
போனில் துளசிமணி.
சிக்கரசம்பாளையத்தில் பூவுக்கா பஞ்சம்?
ஆனால் ஆவணி முகூர்த்தம்.
கிலோ இரண்டாயிரத்து நானூறு.

மாதேசு ராத்திரி இரண்டு மணிக்கு
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனான்.
போன மாசிவரை பக்கத்து வரிசை என்னுடையது.
விடிந்ததும் எடை போடுகிற இடத்தில்
அரைக் கிலோ எனக்கு வேணுங்க என்றானாம்.
எந்தக் கோயிலுக்கப்பா என்று கேட்டாராம் தோட்டத்துக்காரர்.
ஊட்டுக்குங்க.
அவர் நோட்டைப் பார்த்தபடி
பாதி விலை எழுதிக்கொண்டாராம்.

பறிக்கத்தான் தெரியும் அவனுக்கு.
பழைய வேட்டியைக் கிழித்து
மொட்டுகளைப் பரப்பி
முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டான்.
இறுக்கு என்றேன்.
வலிக்குமே என்றான்.
இறுக்கு என்றேன்.

சாயங்காலம் விரிய வேண்டிய மொட்டு
என் சூட்டில் மத்தியானமே விரிந்தது.
வீடு கல்யாண வீடு மாதிரி மணத்தது.
மறுநாள் அவிழ்த்தபோது
எல்லாம் பழுப்பாகி, புளித்த பால் வாடை.
தென்னங்குழியில் கொட்டிவிட்டு
புதுசு கொண்டுவந்தான்.
இப்படி மூன்று நாள், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பூ.
தலையில் ஒன்றுகூட வைக்கவில்லை.

நாலாம் நாள் கல் இளகியது.
டப்பாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான் மாதேசு.
இது இனி எதுக்கு என்றான்.
ஸ்பீக்கரில் துளசிமணி சத்தம் போட்டாள்:
'எதுக்கா? பெத்த வயிறு பெத்த வயிறுதாண்டா.
ரத்தம் போயிருக்குது, வயிறு எறங்கோணும்,
இடுப்புக்குப் பலம் வேணும்.
பூண்டை மட்டும் போட்டுராதே, பால் ஊறும்.
முருங்கைக்கீரை வேண்டாம், பால்சுறா வேண்டாம்.
மத்ததெல்லாம் அவளுக்குத்தான்.'

அன்றைக்குத்தான் தெரிந்தது,
ஒரே உருண்டையில் இரண்டு பேருக்கு மருந்து இருந்தது.
பூண்டு அவளுக்கு.
மிளகு எனக்கு.
சுக்கு எனக்கு, திப்பிலி எனக்கு.
கருப்பட்டி ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டேன்.

பாகு பதம் தவறிவிட்டது.
நல்லெண்ணெய் ஊற்றி ஊற்றிக் கிளறியும்
கரண்டியை விடமாட்டேன் என்றது.
சுண்டைக்காய் அளவு என்று சொன்னதை
எலுமிச்சை அளவு உருட்டி நீட்டினான்.
நாக்கு எரிந்தது, தொண்டை எரிந்தது,
அடிவயிற்றில் யாரோ விளக்கு வைத்த மாதிரி.
வேர்த்தது.
ஒன்பது நாளுக்குப் பிறகு பசித்தது.
பசித்ததற்கு வெட்கமாக இருந்தது.

தட்டில் பூண்டு,
போன மாசம் கால் கிலோ வாங்கி வைத்தது,
பழக்கதோசத்தில் உரித்துவிட்டிருந்தான்.
இதை என்ன பண்ணட்டும் என்றான்.
ரசம் வெச்சு நீ குடி என்றேன்.

வைத்தான்.
அடுப்படியில் நின்றபடியே
குண்டாவோடு தூக்கிக் குடித்தான்,
கடைசிப் பல் வரைக்கும் மென்று.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
மிளகு ஜாஸ்தி என்றான்.

மிளகு எல்லாம் என்னிடம்தான் இருந்தது.