டல்லாவுக்குப் போகும் சனிக்கிழமை

பருப்புக் கிடங்கின் பேரேட்டை
வெள்ளி இரவு மூடிவிட்டால்
சனிக்கிழமைக்கு ஒரு சின்ன நோட்டு.
படகு போக நூறு சாட், வர நூறு.
சோப்பு ஒன்று. டெட்டால் கால் போத்தல்.
கடைசிப் பத்திக்குத் தலைப்பில்லை.
அங்கே ஒரு கோடு மட்டும் போடுவேன்,
மேலே யாரோ
கூட்டிக்கொள்ளட்டும் என்று.

ஆற்றுக்கு அக்கரையில்
வேதமுத்து படுத்திருந்தார்.
அப்பாவின் கடையைத் தன் பெயருக்கு
எழுதி வாங்கின அதே வலது கை
இப்போது போர்வை மேல் கிடந்தது,
விருந்தாளி யாரோ மறந்துவிட்டுப் போன
குடை மாதிரி.

"யார் போவீர்கள்" என்று போதகர் கேட்டதும்
சபை முழுக்கப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தது.
என் கை எழும்பியது.
பயத்தில் எழும்பிய கை.
போகாவிட்டால்
ஆறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் பார்த்த
அந்த நெருப்புப் படம்.

பதினோரு மாதம் போனேன்.
குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன்,
விரிப்பை மாற்றினேன்,
ஒரு வார்த்தை பேசாமல்.
என் கீழ்ப்படிதலில்
யாரும் குறை சொல்லிவிட முடியாது.
வட்டிக்கடைக்குத் தவணை கட்டுகிறவள்
தேதி தவறுவாளா?

டிசம்பரில் ஒரு நாள் மூடுபனி.
நடு ஆற்றில் இன்ஜினை நிறுத்திவிட்டார்கள்.
முன்னாலும் கரையில்லை, பின்னாலும் கரையில்லை,
வடித்த கஞ்சிக்குள் விழுந்தது போல் எங்கும் வெள்ளை.
காடை முட்டைக்காரி கூடையை இறக்கினாள்.
ஒரு பையன் பொரித்த தின்பண்டம் ஒன்றை
வானத்தைப் பார்த்து எறிந்தான்.
பனிக்குள்ளிருந்து முதலில் அலகு வந்தது,
அப்புறம்தான் கடற்புறா.
கவ்விக்கொண்டு போய்விட்டது.
பையன் கைதட்டினான். மறுபடி எறிந்தான்.
பையில் இருந்ததெல்லாம் எறிந்தான்.
அவனுக்கா, பறவைக்கா, யாருக்கு மகிழ்ச்சி அதிகம்?
எனக்குக் கணக்குப் போட வரவில்லை.

அந்த வெள்ளைக்குள்தான் ஞாபகம் வந்தது.
வயிற்றில் கட்டியோடு
பொது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கிடந்த மழைக்காலம்.
பிழைப்பேன் என்று யாரும் சொல்லவில்லை.
பிழைத்தேன்.
அவரைச் சபித்த இரவுகளையும் சேர்த்தே
என்னைத் தூக்கிச் சுமந்தாரே,
எந்த நோட்டில் எழுதினார்?
முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன்.
என் பெயருக்கு எதிரே
பற்று இல்லை.
ஒரு சாட் கூட இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது.
முட்டைக்காரி திரும்பிப் பார்த்தாள்.
வாயைப் பொத்தினேன்,
விரலிடுக்கில் வழிந்தது.

பனி விலக ஒரு மணி நேரம்.
அதுவரை நான் அறியாத ஓர் அவசரம்
என்னை நிற்கவிடவில்லை.
வெந்நீர் ஆறிப்போகுமே,
அவருக்கு முதுகு அரிக்குமே.
டல்லாத் துறையில் சைக்காக்காரனிடம்
பேரம் பேச மறந்தேன்.

பக்கத்து வீட்டு டோ ச்சீ
விறகடுப்பில் பானை வைத்திருந்தாள்.
எப்போதும் இருக்கிற வாளி, எப்போதும் இருக்கிற துண்டு.
முதுகில் ஊற்றினேன்.
கோணிய வாயால் அவர் சொன்னார்:
"இன்னிக்கு... தண்ணி... சூடு."
எப்போதும் இதே சூடுதானே என்று
வாயெடுத்தவள் அடங்கிவிட்டேன்.
பதினோரு மாதமும் அந்த முதுகில் விழுந்தது
தண்ணீர் மட்டுமா?

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள்.
அப்பாவின் கடை இருக்கும் தெருவில்
இன்னும் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன்.
நோட்டு மட்டும் டிசம்பரோடு நின்றுவிட்டது.
வைராக்கியமாய் நிறுத்தவில்லை,
மறந்துபோனேன்.
முப்பது வருஷக் கணக்குப்பிள்ளைக்கு
முதல் மறதி.

எல்லாச் சனிக்கிழமையும்
அந்தச் சிரிப்பு வருவதில்லை.
நேற்று வரவில்லை.
முழங்கால் வலி, மழை, விடியற்காலையிலேயே மின்வெட்டு.
பான்சோடான் துறையில் சோப்பும் துண்டுமாய்
கொஞ்சம் நின்று பார்த்தேன்.
பிறகு ஏறிக்கொண்டேன்.

சில வாரம் அது
அடுத்த படகில் வரும்.